ஒரே ஃபைபர், மூன்று மடங்கு விலை: வீட்டு இணைப்புக்கும் பிசினஸ் இணைப்புக்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி இதுதான். நாலு பேர் வேலை பார்க்கும் சின்ன டிசைன் அலுவலகம். இப்போது ஓடுவது 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) வீட்டு பிளான். அதே நிறுவனம் 100 எம்பிபிஎஸ் பிசினஸ் பிளானுக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறது. வருவது அதே கம்பம், அதே ஒயர். வேகம் குறைந்து விலை ஏறுவது எப்படி? வீட்டு பிளானிலேயே அலுவலகத்தை ஓட்டினால் என்ன ஆகும்?

கூடுதல் பணம் வேகத்துக்கு இல்லை. இணைய நிறுவனத்தின் கையில் இருப்பதிலேயே மலிவான சரக்கு வேகம்தான். லைன் போனால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருவார், அப்லோடு எவ்வளவு உறுதியாகக் கிடைக்கும், வெளியிலிருந்து உங்கள் அலுவலகத்துக்குள் வர நிலையான முகவரி உண்டா, ஒப்பந்தம் எதையெல்லாம் அனுமதிக்கிறது என்பவற்றுக்குத்தான் அந்த மூன்று மடங்கு. உங்களுக்கு இவற்றில் எது தேவை என்று தெரியாமல் அந்த விலை அநியாயமா நியாயமா என்று சொல்ல முடியாது. பெரும்பாலான சின்ன அலுவலகங்களுக்கு இதில் ஒன்றோ இரண்டோ போதும். அவற்றை மட்டும் தனியாக, குறைந்த செலவில் பெறவும் வழி இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "பிசினஸ் இணைப்பு" என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று பிசினஸ் பிராட்பேண்ட். வீட்டு இணைப்பு வரும் அதே பகிர்வு ஃபைபரில் வருவது இது. பல நேரம் ஒப்பந்தமும் கஸ்டமர் கேர் வரிசையும் மட்டும்தான் வேறு. இன்னொன்று லீஸ்டு லைன். உங்களுக்கென்று ஒதுக்கிய பாதை, அப்லோடும் டவுன்லோடும் சமம், வேகத்துக்கு எழுத்தில் உத்தரவாதம். விலையிலும் இவை இரண்டும் வேறு வேறு உலகம். மூன்று மடங்கு என்று சொன்னால் அது பெரும்பாலும் முதல் வகையாகத்தான் இருக்கும். அதை வாங்கிவிட்டு லீஸ்டு லைன் தரத்தை எதிர்பார்த்து ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது.

அந்தப் பகிர்வு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் விலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபர் பரவலாக ஜிபான் என்ற தொழில்நுட்பத்தில் ஓடுகிறது. நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் ஒரே இழையை வழியில் ஒரு ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கிறது. அந்த ஒரு இழையில் கீழ்நோக்கி (டவுன்லோடு) மொத்தம் 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி (அப்லோடு) 1.244 ஜிபிபிஎஸ். ஒரு ஜிபிபிஎஸ் என்பது 1,000 எம்பிபிஎஸ். 32 வீடுகளுக்கும் ஆளுக்கு 300 எம்பிபிஎஸ் விற்றால் மொத்தம் 9.6 ஜிபிபிஎஸ். அதாவது இருப்பதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விற்றாயிற்று. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுத்தால் ஆளுக்கு டவுன்லோடில் சுமார் 78 எம்பிபிஎஸ், அப்லோடில் சுமார் 39 எம்பிபிஎஸ்தான் மிஞ்சும்.

இதை மோசடி என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பது நடைமுறையில் நடப்பதில்லை. 300 எம்பிபிஎஸ் வாங்கிய வீடு, கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில்கூட சராசரியாகச் சில எம்பிபிஎஸ்தான் பயன்படுத்தும். அந்தச் சராசரியை வைத்துத்தான் நிறுவனம் தன் பின்புலத் திறனைக் கணக்குப் போடுகிறது. வீட்டு பிளான் மலிவாகக் கிடைப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்குதான். வீட்டு ஒப்பந்தத்தில் இருக்கும் தடைகளில் பல இந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடிய ஆட்களை வெளியே வைக்க எழுதப்பட்டவை: நாள் முழுக்க அப்லோடு செய்பவர், சர்வர் நடத்துபவர், இணைப்பைப் பத்துப் பேருக்குப் பிரித்து விற்பவர்.

ஒரே ஸ்பிளிட்டரில் இருந்தாலும் ஒருவருக்கு உறுதியான பங்கு கொடுக்க ஜிபானில் வசதி உண்டு. மேல்நோக்கிப் போகும் தரவு எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே இழையில் கலப்பதால், யார் எப்போது பேசலாம் என்று எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவிதான் நேரத்துண்டுகளைப் பிரித்துக் கொடுக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் வகைகள் உண்டு: நிலையானது, உறுதி செய்யப்பட்டது, மிச்சம் இருந்தால் கிடைப்பது. வீட்டு இணைப்பு பொதுவாகக் கடைசி வகை. பிசினஸ் பிராட்பேண்டுக்கு உறுதி செய்யப்பட்ட வகையில் ஒரு பங்கு கொடுக்க முடியும். கொடுக்கிறார்களா என்பதுதான் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. "குறைந்தபட்ச உறுதி வேகம் எவ்வளவு, அது ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது?" என்று கேளுங்கள். "அது வரைக்கும் போகும் சார்" என்று பதில் வந்தால், நீங்கள் வாங்கப்போவது வேறு பில் தலைப்பில் அதே வீட்டு இணைப்புதான்.

இங்கே விலையைப் பற்றி வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூன்று மடங்கில் ஒரு பகுதி உண்மையான செலவு: இரவிலும் தயாராக இருக்கும் பணியாட்கள், மாற்றுக் கருவிகள், ஐபி முகவரிகள். இன்னொரு பகுதி, தொழில் செய்பவர் கூடக் கொடுப்பார் என்பதற்காக வைத்த விலை. வீடுகளின் கூட்ட நேரம் மாலையும் இரவும். அலுவலகங்களின் கூட்ட நேரம் பகல். ஒரே வலையில் இரண்டையும் ஓட்டும் நிறுவனத்துக்குப் பகல்நேர அலுவலகப் போக்குவரத்தால் புதிதாகப் பெரிய செலவு எதுவும் வராது. அதனால் பிசினஸ் விலைப்பட்டியலைப் பேரத்தின் தொடக்கமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டு பிளானில் பேரம் பேச இடமில்லை. பிசினஸ் பிளானில் நிறுவல் கட்டணம், ஸ்டாடிக் ஐபி (மாறாத முகவரி), ரவுட்டர் வாடகை என்று குறைக்க நிறைய இருக்கிறது.

அடுத்தது அப்லோடு. வீட்டு பிளானில் அலுவலகம் திணறும் முதல் இடம் இதுதான். விளம்பரத்தில் 300 என்று பெரிதாக இருக்கும். அப்லோடு 20 அல்லது 30 என்று சின்ன எழுத்தில் கிடக்கும். கேபிள் டிவி ஒயர் வழியாக வரும் இணைப்புகளில் இது இன்னும் மோசம். அந்த ஒயரில் மேல்நோக்கிய போக்குவரத்துக்கு நெடுங்காலமாக 5 முதல் 42 அல்லது 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டைதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஃபைபரில் அப்படிப்பட்ட இயற்கைத் தடை குறைவு. அங்கே அப்லோடைக் குறைத்து வைத்திருப்பது பெரும்பாலும் பிளான்களைத் தரம் பிரிப்பதற்காகத்தான்.

உங்கள் அலுவலகத்துக்குக் கணக்குப் போடுவோம். ஒரு நாள் வேலையில் 40 ஜிபி கோப்புகள் கிளவுடுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால், 20 எம்பிபிஎஸ் அப்லோடில் அதற்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகும். 100 எம்பிபிஎஸ் சமச்சீர் இணைப்பில் சுமார் 53 நிமிடம். 300க்கு எதிராக 100 என்ற உங்கள் கேள்வி இங்கே தலைகீழாகிறது: அந்த பிசினஸ் பிளான் இரு பக்கமும் 100 என்றால், உங்கள் வேலைக்கு அதுதான் வேகமான இணைப்பு.

ஆனால் அவசரப்பட்டு பிளான் மாற்ற வேண்டாம். "மீட்டிங்கில் குரல் உடைகிறது, வீட்டு இணைப்பு அலுவலகத்துக்கு லாயக்கில்லை" என்று வரும் புகார் பல நேரம் பிளானால் வருவதில்லை. ரவுட்டரில் சேரும் வரிசையால் வருவது. ஒரு கணினி பேக்கப் எடுக்க ஆரம்பித்ததும் அப்லோடு நிரம்புகிறது. மோடமோ ரவுட்டரோ அனுப்ப முடியாததையெல்லாம் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்துகிறது. 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 எம்பி தரவு வரிசையில் நின்றால், அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு குரல் பொட்டலமும் 0.8 விநாடி காத்திருக்க வேண்டும். டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும், ஏனென்றால் வந்து சேர்ந்ததை உறுதிசெய்யும் பதில்களும் அதே அப்லோடு வரிசையில்தான் நிற்கின்றன. வேகச் சோதனை நன்றாகக் காட்டும். மீட்டிங் மட்டும் உடையும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு கணினியை ஒயரில் இணைத்து வெளி முகவரி ஒன்றுக்குத் தொடர்ந்து பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அளக்கும் சோதனை) ஓடவிடுங்கள். இன்னொரு கணினியில் பெரிய கோப்பு ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 15 மில்லிசெகண்டாக இருந்த பிங் 300, 500 என்று ஏறினால் நோய் இதுதான். மருந்து, எஃப்க்யூ-கோடெல் அல்லது கேக் என்ற வரிசை மேலாண்மை உள்ள ரவுட்டர். அதில் அப்லோடு வரம்பை, நீங்கள் அளந்து பார்த்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்கு வையுங்கள். 100 சதவீதம் வைத்தால் வரிசை மறுபடியும் மோடமுக்குள் போய்விடும், பயனில்லை. இணைப்பின் வேகம் மாலையில் இறங்குகிறது என்றால் அந்த இறங்கிய வேகத்தை வைத்துக் கணக்கிடுங்கள். அப்படிப்பட்ட ரவுட்டர் இல்லையென்றால், பேக்கப் மென்பொருளிலேயே பகல் நேர வேக வரம்பு வைத்து, முழு வேகத்தை இரவுக்குத் தள்ளுங்கள். இரண்டில் ஒன்றைச் செய்த பிறகும் மீட்டிங் உடைந்தால் மட்டும் பிசினஸ் பிளானைப் பற்றி யோசியுங்கள்.

அளவு வரம்பு அடுத்த கட்டுப்பாடு. "அன்லிமிடெட்" என்று போட்டிருக்கும். நியாயப் பயன்பாட்டு வரம்பு என்று கீழே ஒரு எண் இருக்கும். அது தாண்டினால் வேகம் குறையும், அல்லது கூடுதல் கட்டணம். இதில் பலர் கவனிக்காத ஒன்று: அதே வரம்பு, வேகமான பிளானில் சீக்கிரம் தீரும். 1 டிபி வரம்பை 100 எம்பிபிஎஸ் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 22 மணி நேரத்தில் தீர்க்கும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பு இரண்டே கால் மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும். அதனால் வேகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வரம்பையும், வரம்புக்குப் பிந்தைய வேகத்தையும் பாருங்கள். 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் 1 ஜிபி வர 67 நிமிடம் ஆகும். அதில் அலுவலகம் நடக்காது.

நாலு பேர் மீட்டிங் பேசுவதால் வரம்பு தீராது. 3 எம்பிபிஎஸ் வீடியோ அழைப்பு மணிக்கு ஒரு பக்கம் 1.35 ஜிபிதான். வரம்பைத் தின்பவை, நிற்காமல் ஓடும் சின்ன ஓட்டங்கள். 1 எம்பிபிஎஸ் 30 நாள் நிற்காமல் ஓடினால் 324 ஜிபி. கிளவுடில் பதிவாகும் 6 கண்காணிப்புக் கேமராக்கள், ஒன்றுக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால், மாதம் சுமார் 3.9 டிபி அப்லோடு செய்யும். அப்லோடையும் கணக்கில் சேர்க்கும் பிளானாக இருந்தால் கேமராக்கள் மட்டுமே மாதத்தை முடித்துவிடும். தவிர, நிறுவனத்தின் பார்வையில் வீட்டு இணைப்புபோல் இல்லாத ஓட்டம் என்றால் இதுதான்: இரவு பகல் பாராத, சீரான அப்லோடு. அசைவு இருந்தால் மட்டும் அனுப்பும்படி மாற்றுங்கள், அல்லது உள்ளேயே ஒரு பெட்டியில் பதிவு செய்து தேவைப்படும்போது மட்டும் வெளியிலிருந்து பாருங்கள்.

வெளியிலிருந்து பார்ப்பது என்றதும் முகவரிப் பிரச்சினை வருகிறது. இணைய முகவரிகளில் பழைய வகையான ஐபிவி4 முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் வீட்டு வாடிக்கையாளர்கள் பலரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறார்கள். இதற்கு சிஜிநாட் என்று பெயர். உங்கள் இணைப்பு அப்படியா என்று பார்க்க, ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் சிஜிநாட். அந்த வரிசை 2012இல் இதற்காகவே ஒதுக்கப்பட்டது. 10 என்று தொடங்கினாலும், "என் ஐபி என்ன" என்று காட்டும் தளங்களில் வேறு எண் தெரிந்தாலும் அதே நிலைமைதான்.

சிஜிநாட்டில் இருந்தால் ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை உள்ளே உள்ள கருவிக்கு அனுப்பும் அமைப்பு) போட்டாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. மாறும் முகவரியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவையும் உதவாது. அது மாறும் பொது முகவரிக்குத்தான் மருந்து, பொது முகவரியே இல்லாதவருக்கு இல்லை. இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட்கள், அதாவது இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள். அவற்றைப் பலருக்குப் பங்கு போட்டு ஆளுக்குச் சில நூறோ ஆயிரமோ கொடுக்கிறார்கள். நாலு பேர், ஆளுக்கு நாற்பது டேப், ஒத்திசைவு மென்பொருள்கள் என்று ஓடும்போது அந்தப் பங்கு தீர்ந்தால், ஏற்கெனவே திறந்தவை வேலை செய்யும், புதிதாகத் திறப்பவை மட்டும் தொங்கும். வேகச் சோதனை அப்போதும் பச்சையாகவே காட்டும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகும். காரணம் தெரியாமல் பலர் ரவுட்டரையே மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஸ்டாடிக் ஐபி எப்போது உண்மையில் தேவை? வாடிக்கையாளரின் சர்வரோ வங்கியோ குறிப்பிட்ட முகவரியிலிருந்து வந்தால் மட்டும் அனுமதிப்போம் என்று சொல்லும்போது. அலுவலகத்துக்குள் விபிஎன் (வெளியிலிருந்து உள்ளே வரும் பாதுகாப்பான தனிப்பாதை) வைத்து வெளியூரிலிருந்து நுழைய வேண்டும்போது. இதற்கு மட்டும் பிசினஸ் பிளானுக்குப் போக வேண்டியதில்லை. சில நிறுவனங்கள் வீட்டு பிளானிலேயே தனிக்கட்டணத்துக்குத் தருகின்றன. தராவிட்டால், எங்காவது ஒரு சின்ன விர்ச்சுவல் சர்வரை வாடகைக்கு எடுத்து, அலுவலக ரவுட்டரிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளால் சுரங்கம் போடுங்கள். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் சிஜிநாட் தடுக்காது. பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் என்ற அமைப்பை 25 விநாடி வைக்க மறக்காதீர்கள். வைக்காவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் சிஜிநாட் அந்தத் தொடர்பை மறந்துவிடும், வெளியிலிருந்து தட்டினால் கதவு திறக்காது. இனி உங்கள் நிலையான முகவரி அந்த சர்வரின் முகவரி. ஃபைபர் நிறுவனத்தை மாற்றினாலும் அது மாறாது என்பது கூடுதல் லாபம். புதிய வகை முகவரியான ஐபிவி6 கொடுக்கும் நிறுவனமாக இருந்தால் உள்ளே வருவதற்கு அதுவே போதும். ஆனால் வருபவர் பக்கமும் ஐபிவி6 இருக்க வேண்டும், ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த ஒரு கருவிக்கு மட்டும் வழி விட வேண்டும்.

சொந்த மின்னஞ்சல் சர்வரை வீட்டு இணைப்பில் வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். போர்ட் 25ஐ வீட்டு இணைப்புகளில் வழக்கமாக அடைத்துவிடுவார்கள். வைரஸ் பிடித்த வீட்டுக் கணினிகள் குப்பை அஞ்சல் அனுப்புவதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. அடைக்காவிட்டாலும் வீட்டு முகவரி வரிசைகளிலிருந்து நேரடியாக வரும் அஞ்சலைப் பெரிய சேவைகள் ஏற்பதில்லை; தலைகீழ் டிஎன்எஸ் பதிவையும் (முகவரி எண் யாருடையது என்று பெயர் காட்டும் பதிவு) உங்கள் பெயருக்கு மாற்றித் தரமாட்டார்கள். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்றவற்றில் அஞ்சல் போகவில்லை என்றால் அனுப்பும் போர்ட்டை 25இலிருந்து 587 அல்லது 465க்கு மாற்றினால் போதும். அந்தப் பிரச்சினைக்கு பிசினஸ் பிளான் வாங்கியவர்கள் உண்டு. தேவையே இல்லாத செலவு.

இப்போது ஒப்பந்தம். வீட்டு பிளானின் விதிமுறைகளில் நான்கு தடைகளைத் தேடுங்கள்: வணிகப் பயன்பாடு, சர்வர் நடத்துதல், மறுவிற்பனை அல்லது பகிர்வு, அதிகப்படியான பயன்பாடு. இவற்றின் வார்த்தைகள் வேண்டுமென்றே அகலமாக இருக்கும். சர்வர் தடை எவ்வளவு அகலம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 2012இல் தொடங்கிய கூகுள் ஃபைபரும் எந்த சர்வரும் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. எதிர்ப்பு வந்த பிறகு 2013இல், தனிப்பட்ட, வணிகம் அல்லாத சர்வர்களுக்கு அனுமதி என்று மாற்றினார்கள். கோடு எங்கே விழுந்தது என்று பாருங்கள்: வணிகம் அல்லாத. இன்றும் பல விதிமுறைகளில் அந்த இடத்தில்தான் கோடு.

வேறொரு நிறுவனத்தின் ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பொதுவாக யாரும் வணிகப் பயன்பாடாகப் பார்ப்பதில்லை. நாலு பேர் வந்து உட்காரும், பெயர்ப்பலகை உள்ள அலுவலகம் வேறு. வெறுமனே வேலை பார்ப்பதால் மட்டும் துண்டிப்பு வருவது அரிது. நிறுவனம் உங்கள் கோப்புகளைப் பார்ப்பதில்லை, ஓட்டத்தின் அளவையும் வடிவத்தையும்தான் பார்க்கிறது. உண்மையான ஆபத்து வேறு நாளில் வருகிறது. லைன் மூன்று நாள் படுத்துவிட்டது, தொழில் நஷ்டம் என்று நீங்கள் எழுதிக் கேட்டால், அந்தக் கடிதமே விதிமீறலின் ஒப்புதலாகிவிடும். இழப்பீடு கேட்க உங்களுக்குத் தரையே இருக்காது. பில்லும் தனிநபர் பெயரில்தான் வரும். தொழில் வரிக் கணக்கில் செலவாகவோ வரி வரவாகவோ காட்ட முடியாமல் போகலாம். தொழில் பெயரிலான பில்லால் வரி திரும்பக் கிடைக்கும் என்றால், அந்த மூன்று மடங்கிலிருந்து அதைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வருகிறவர்களுக்கு வைஃபை கொடுக்கும் இடங்களுக்கு இது இன்னும் கடுமை. கடை, விடுதி, மருத்துவமனை என்றால் வீட்டு பிளானை எண்ணவே வேண்டாம். அது பகிர்வுத் தடையை நேராக மீறுவது மட்டுமில்லை. யாரோ ஒருவர் செய்த தவறுக்கு அந்த முகவரியின் உரிமையாளராக நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

சேவை உத்தரவாதத்துக்கு வருவோம், எஸ்எல்ஏ என்று சொல்வது. பிசினஸ் பிளானில் 99.5 சதவீதம் என்று போட்டிருந்தால் மாதத்துக்கு 3.6 மணி நேரம் படுக்கலாம் என்று அர்த்தம். 99.9 என்றால் 43 நிமிடம். 99.99 என்றால் 4 நிமிடத்துக்குச் சற்று மேல். சதவீதத்தைவிட அதைச் சுற்றியுள்ள வரிகள் முக்கியம். பெரும்பாலும் புகார் எண் பதிவான நிமிடத்திலிருந்துதான் கடிகாரம் ஓடும். லைன் போன நிமிடத்திலிருந்து இல்லை. திட்டமிட்ட பராமரிப்பு கணக்கில் வராது. பதிலளிக்கும் நேரம் 4 மணி என்பதும் சரிசெய்யும் நேரம் 4 மணி என்பதும் ஒன்றில்லை. முன்னதில் 4 மணி நேரத்துக்குள் ஒரு ஃபோன் வந்தாலே கடமை முடிந்தது. வேலை நாள், வேலை நேரம் என்ற சொற்கள் இருந்தால் சனிக்கிழமை மாலை போன லைனுக்குத் திங்கள் காலைதான் கடிகாரம் தொடங்கும். தவறினால் கிடைப்பது உங்கள் நஷ்டம் இல்லை, மாதக் கட்டணத்தில் ஒரு துண்டு. 6 மணி நேரம் போனால் 720 மணி நேரத்தில் 6, அதாவது பில்லில் 120இல் ஒரு பங்கு; அதையும் பல இடங்களில் நீங்களே எழுதிக் கேட்க வேண்டும்.

புகார் பதியும்போது ஓஎன்டி பெட்டியின் (ஃபைபர் உள்ளே வந்து முடியும் கருவி) நிலைப் பக்கத்தில் உள்ள ஒளிச் சக்தி அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜிபானில் அது சுமார் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் வரை இருந்தால் நலம். மைனஸ் 27ஐவிடக் கீழே இறங்கினால் பிழைகள் தொடங்கலாம். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். "போன மாதம் மைனஸ் 20, இன்று மைனஸ் 28" என்று சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் கட்டத்தைத் தாண்டி, ஒயர் வளைந்திருக்கிறதா, கனெக்டர் அழுக்கா என்று பார்க்க ஆள் வரும் கட்டத்துக்கு நேராகப் போகலாம்.

என் கருத்து: நாலு பேர் அலுவலகத்துக்கு ஒரு எஸ்எல்ஏவைவிட இரண்டு மலிவான இணைப்புகள் மேல். ஆளுக்கு 99 சதவீதம்தான் நிற்கும் இரண்டு இணைப்புகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கெட்டால், இரண்டும் சேர்ந்து படுக்கும் நேரம் 0.01 சதவீதம். தொடர்பில்லாமல் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களும் ஒரே கம்பத்தில், ஒரே பள்ளத்தில் ஒயர் இழுத்திருந்தால் ஒரு மண்வெட்டி இரண்டையும் வெட்டும். ஒன்று ஃபைபர், மற்றது மொபைல் 4ஜி அல்லது 5ஜி என்று வைப்பது அதனால் நல்லது.

மாற்று இணைப்பு ஏற்பாட்டில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. ஃபைபர் அறுந்தாலும் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள ஒயர் உயிரோடுதான் இருக்கும். அதைப் பார்த்து ரவுட்டர் இணைப்பு நலம் என்று நினைத்துக்கொள்ளும், மாறாது. வெளியே உள்ள இரண்டு முகவரிகளுக்கு, 1.1.1.1, 8.8.8.8 போல, 5 விநாடிக்கு ஒருமுறை பிங் செய்து, இரண்டும் தொடர்ந்து தவறினால் மாறும்படி வையுங்கள். அடுத்தது, முதல் நிறுவனத்தின் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் சேவை) முகவரியையே வைத்திருப்பது. இரண்டாவது இணைப்பிலிருந்து கேட்டால் அது பெரும்பாலும் பதில் தராது. பிங் போகும், எந்தத் தளமும் திறக்காது. பொது டிஎன்எஸ் போடுங்கள். மூன்றாவது மின்சாரம். ஓஎன்டியும் ரவுட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. இரண்டும் சேர்ந்து 20 வாட் அளவுதான் எடுக்கும். அவற்றுக்கு மட்டும் ஒரு சின்ன டிசி யுபிஎஸ் (பேட்டரி பெட்டி) வைத்தால் மின்வெட்டில் கொஞ்ச நேரம் தாங்கும்.

லீஸ்டு லைன் உங்கள் அளவுக்குத் தேவையில்லை, ஆனால் விலை சொல்லும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் என்றால் 95ஆம் சதமான முறையில் கணக்கிடுவார்கள். 5 நிமிடத்துக்கு ஒரு அளவு. 30 நாளில் 8,640 அளவுகள். அவற்றில் உச்சமான 432ஐ, அதாவது 36 மணி நேரத்தை, தள்ளிவிட்டு அடுத்த எண்ணுக்குப் பில். தினம் இரவு ஒரு மணி நேரம் முழு வேகத்தில் பேக்கப் எடுத்தால் மாதம் 30 மணி நேரம்தான். அந்த உச்சம் பில்லில் வராது. அதையே ஒன்றரை மணி நேரமாக்கினால் 45 மணி நேரம், பில் குதிக்கும்.

விலையை ஒப்பிடும்போது மாதத் தொகையை வைத்து ஒப்பிட வேண்டாம். ஒப்பந்தக் காலம் முழுவதற்கும், 24 அல்லது 36 மாதம், கூட்டிப் பாருங்கள்: நிறுவல், கருவி வாடகை, ஸ்டாடிக் ஐபி, வரி, அறிமுகச் சலுகை முடிந்த பிறகு ஏறும் விலை. வீட்டு பிளானைப் பெரும்பாலும் குறுகிய அறிவிப்பில் விடலாம். பிசினஸ் ஒப்பந்தத்தில் பாதியில் விட்டால் மீதி மாதங்களுக்கும் கட்ட வேண்டி வரும் பத்தி பெரும்பாலும் இருக்கும். அலுவலகம் இடம் மாறினால் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புதிய இடத்தில் அவர்களுக்கு ஃபைபரே இல்லாவிட்டாலும் கட்டணம் தொடரும் ஒப்பந்தங்கள் உண்டு. காலம் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கும் பத்தியையும் தேடி, அறிவிப்பு கொடுக்க வேண்டிய கடைசித் தேதியை நாட்காட்டியில் போட்டு வையுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது இது. அந்த 100 எம்பிபிஎஸ் பிசினஸ் பிளான் இரு பக்கமும் 100ஆ, குறைந்தபட்ச உறுதி வேகம் எழுத்தில் உண்டா, சரிசெய்யும் நேரம் எத்தனை மணி, பொது முகவரி சேர்த்தா என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். நான்குக்கும் சரியான பதில் வந்து, தொழில் பெயரில் பில்லும் கிடைத்தால், விலையில் பேரம் பேசி எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப்படியும் அதுதான் உங்களுக்குப் பாதுகாப்பான இடம். அப்லோடு 20, உறுதி வேகம் இல்லை, பதிலளிக்கும் நேரம் மட்டும் என்று வந்தால் அந்தப் பணத்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. அப்போது அலுவலகப் பயன்பாட்டை எழுத்தில் அனுமதிக்கும் மலிவான பிளான் வேறு நிறுவனத்தில் இருக்கிறதா என்று தேடி, அதோடு ஒரு மொபைல் இணைப்பை மாற்றாக வைத்து, வரிசை மேலாண்மை உள்ள நல்ல ரவுட்டரில் மிச்சப் பணத்தைப் போடுங்கள்.

எதை எடுத்தாலும் பழைய இணைப்பை உடனே துண்டிக்க வேண்டாம். இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டி, காலை 6 மணி, பகல் 11 மணி, இரவு 9 மணி என்று ஒயரில் வேகமும் பிங்கும் அளந்து எழுதுங்கள். ஐபி மாறுவதால் வங்கி, வாடிக்கையாளர் சர்வர்களின் அனுமதிப் பட்டியலில் புது முகவரியைச் சேர்க்க இந்த மாதமே பயன்படும். பழையதை நிறுத்தும்போது ஓஎன்டியைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்கி, கடைசி பில் வரும் வரை பத்திரமாக வையுங்கள்.